கொடி காணாத இருபத்தேழாம் எண்

அன்று ஓடுதளத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: ஓட்ட வந்த பிள்ளைகள் பதினாறு, அதில் பெண் பிள்ளைகள் மூன்று, அவர்களுடைய அப்பாக்கள் பதினான்கு, அம்மாக்கள் ஒன்பது, அப்பா வர முடியாத ஒரு பிள்ளைக்காக வந்திருந்த சித்தப்பா ஒருவர், வண்டிகளுக்கு அடியில் படுப்பதும் எழுவதுமாக இருந்த மெக்கானிக்குகள் பத்தொன்பது, வளைவுகளில் கொடி காட்டுகிறவர்கள் ஆறு, முடிவுக் கோட்டில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியோடு நின்ற ஆரோக்கியசாமியைச் சேர்த்து ஏழு, தளத்தின் சொந்தக்காரர் தண்டபாணி, மைக்கில் பேசுகிறவர், ஆம்புலன்ஸ் டிரைவர், நர்ஸ் என்று நான்கு, பஜ்ஜிக்கடை மாராத்தாள், ஐஸ் வண்டிக்காரர் என்று இரண்டு, கம்பி வேலிக்கு வெளியே நின்றும் வேலியில் தொங்கியும் பார்த்த கருக்கம்பாளையத்து ஆட்கள் முப்பத்தொன்று, சுற்று எண்ணுகிற நான் ஒருவன். ஆக நூற்று நான்கு. பன்னிரண்டு ஆடுகளும் ஒரு நாயும் இருந்தன, அவற்றை நான் சேர்க்கவில்லை.

கருக்கம்பாளையம் கோயம்புத்தூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. தண்டபாணி பருத்தி விளைந்த பதினெட்டு ஏக்கரில் தார் போட்டுப் பதினொரு வளைவுள்ள ஒரு தளம் அமைத்தார். ஒரு சுற்று ஆயிரத்து முப்பது மீட்டர். அதில் ஓடுவது கார்ட் என்கிற சின்ன வண்டி, கதவு இல்லை, கூரை இல்லை, ஒரே ஆள் உட்காரலாம், உட்கார்ந்தால் தரை நான்கு விரல் கீழே இருக்கும். எட்டு வயதில் அதில் ஏறுகிற பிள்ளைகள் பதினைந்து வயதுக்குள் நன்றாக ஓட்டினால் சென்னைப் பக்கம் இருக்கிற பெரிய தளத்தில் ஃபார்முலா காருக்குப் போவார்கள், அங்கேயும் நன்றாக ஓட்டினால் வெளிநாட்டுக்குப் போவார்கள். நான் எண்ணத் தொடங்கியதிலிருந்து பதினெட்டு வருடத்தில் இங்கிருந்து ஃபார்முலா காருக்குப் போனவர்கள் ஒன்பது பேர்.

பத்தாவது ஆளாகப் போக வேண்டியவள் நிரஞ்சனா. வண்டி எண் இருபத்தேழு. பத்தாம் வகுப்பு படித்தாள். அவளுடைய அப்பா சென்னியப்பன் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார், அவரே அவளுக்கு மெக்கானிக். அம்மா வசந்தாமணி, பந்தயம் நடக்கும்போது தளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார், முடிந்தது என்று யாராவது சொன்னால்தான் திரும்புவார். ஜனவரி பதினெட்டாம் தேதி சென்னையில் ஃபார்முலா காருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும், இருபத்திரண்டு பேரை அழைத்திருக்கிறார்கள், ஆறு இடம் இருக்கிறது, அதில் ஒருத்தியாக நீயும் வந்து ஓட்டிக் காட்டலாம் என்றும் அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. பதினாறு வயது முடிந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அவளுக்கு மார்ச்சில் பதினாறு முடிகிறது. இந்த ஒரு வாய்ப்புதான்.

நான் சொல்லும் நாள் டிசம்பர் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பதினெட்டுச் சுற்றுப் பந்தயம். எட்டாவது சுற்றில் மூன்றாம் வளைவில் பின்னால் வந்த வண்டி உரசியதில் நிரஞ்சனாவின் வண்டி இரண்டு முறை சுழன்று புல்லில் போய் நின்றது, இன்ஜினும் நின்றுவிட்டது. எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. நின்ற வண்டியை முதலில் ஓடுகிற ஆள் மூன்று முறை கடந்துபோனால் அந்த எண் மேல் நான் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவேன், போட்ட கோட்டை அழிப்பது கிடையாது. மூன்று முறை கடந்துபோனான். கோடு போட்டேன். கோடு போட்டு முடித்த கையோடு மூன்றாம் வளைவில் அவள் பட்டனை அமுக்க, இன்ஜின் பிடித்துக்கொண்டது, அவள் மறுபடியும் ஓடத் தொடங்கினாள். அதற்குப் பிறகு எட்டு முறை அவள் என் முன்னால் போனாள். என் கண் இருபத்தேழைப் பார்த்தது. என் தாள் இருபத்தேழு இல்லை என்றது. நான் தாளை நம்பினேன்.

ஆரோக்கியசாமி போத்தனூரில் ரயில் கார்டாக முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். ரயிலுக்குக் கடைசிப் பெட்டியில் ஒரு அடையாளம் இருக்கும், அது கடந்துபோனால்தான் ரயில் முழுதாகப் போனதாக அர்த்தம். பந்தயத்தில் அப்படி அடையாளம் கிடையாது என்பதால் கடைசி வண்டி கோட்டைத் தாண்டியதும் நான் "வால் போயாச்சு" என்று சொல்வேன், அவர் கொடியைச் சுருட்டுவார். அன்று பதினைந்தாவது வண்டி தாண்டியதும் நான் வால் போயாச்சு என்று சொன்னேன், அவர் சுருட்டினார், பதினைந்து பேரும் வண்டியை ஓரங்கட்டித் தலைக்கவசத்தைக் கழற்ற, அப்போதுதான் இருபத்தேழு கோட்டைத் தாண்டியது, கொடி இல்லாத கோட்டை, தாண்டியபடியே அடுத்த சுற்றுக்குப் போனது.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை.

முதலில் அவள் கவனிக்கவில்லை போலும் என்று நினைத்தார்கள். மூன்று சுற்றுக்குப் பிறகு அவள் கையை உயர்த்தி ஏதோ சொல்லிக்கொண்டே போனாள், நான்காவது சுற்றில் பிரேக்கை மிதித்து மெதுவாக வந்தாள், வண்டி ஆள் நடக்கிற வேகம் வரைக்கும் இறங்கியது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. சென்னியப்பன் கூடவே நடந்தபடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார், செயினைக் கழற்றினார், பெட்ரோல் டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார், குச்சி காய்ந்தே வந்தது. நான்கு மெக்கானிக்குகள் அவளைத் தோளில் பிடித்துத் தூக்கினார்கள், அவளோடு வண்டியும் வந்தது, சக்கரங்கள் காற்றில் சுற்றின, நான்கு பேரும் அப்படியே தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டியிருந்தது, இருபது அடியில் கை விட்டுப்போய் இறக்கிவிட்டார்கள். ஆரோக்கியசாமி சுருட்டிய கொடியை விரித்துப் பதினொரு சுற்றுக்குப் பதினொரு முறை ஆட்டினார். கொடிக்கு அவளைத் தெரியவில்லை. சென்னியப்பன் செயினையும் பிளக்கையும் திரும்ப மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் மெக்கானிக்கலாக ஒரு ஃபால்ட்டும் இல்லை என்று சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மாராத்தாள் மிச்சமிருந்த பஜ்ஜியைக் காகிதத்தில் மடித்து ஓடிப்போய் அவள் மடியில் வைத்தார். அதிலிருந்துதான் மற்றதெல்லாம் ஆரம்பித்தது.

மறுநாள் வசந்தாமணி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து மகளோடு கூடவே நடந்தார். அதுவரைக்கும் தளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அன்றைக்கு மட்டும் பதினேழு சுற்று நடந்தார். குளிப்பதற்குக் கருக்கம்பாளையத்துப் பெண்கள் நான்கு மூங்கிலில் சேலைகளைக் கட்டி ஆளுக்கொரு மூங்கிலைப் பிடித்து வண்டியைச் சுற்றி மறைப்பாக நடந்தார்கள், ஐந்தாவது பெண் வாளியோடு உள்ளே நடந்தாள்; ஒரு குளியலுக்கு ஒன்றரைச் சுற்று ஆனது, மற்ற காரியங்களுக்கும் அந்தச் சேலைதான். தூங்கும்போது வண்டி தானாகவே பதினொரு வளைவையும் பார்த்துப் பார்த்துத் திரும்பியது, ஒரு முறைகூடப் புல்லில் இறங்கவில்லை. அந்த நேரத்தில் எண்ணுவதற்கு ஆரோக்கியசாமி தானாக வந்து உட்கார்ந்தார், ராத்திரி ரயிலில் விழித்திருந்த உடம்புதானே என்றார். சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையாகத் தகர டப்பாவில் போடுவார், காலையில் நான் வந்து கொட்டைகளை எண்ணி நோட்டில் ஏற்றுவேன். எல்லாரும் கொடியைச் சீக்கிரம் சுருட்டியது அவர்தான் என்று நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்காமல் பேசிப் பழக்கமில்லை எனக்கு.

பத்து நாளில் அது ஊரின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொல்லப்பட்டும் நடக்காதவர்கள் அந்தப் பெண்ணுக்குத் துணையாக நடக்கத் தொடங்கினார்கள், முதலில் ஆறு பேர், பிறகு பத்தொன்பது பேர், பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் சேர்ந்து நாற்பத்து நான்கு பேர். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை இன்னும் ஒரு ஆறு மாதம் ஓடட்டுமே என்று சொல்லிவிட்டுப் பிறகு சொன்னதற்கு வெட்கப்பட்டார். புது டிராக்டரும் புது மொபெட்டும் வாங்கியவர்கள் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு நேராகத் தளத்துக்கு வந்து இருபத்தேழுக்குப் பின்னால் ஒரு சுற்று விட்டுக்கொண்டு போனார்கள், நிற்காத வண்டிக்குப் பின்னால் போனால் நடு வழியில் நிற்காது என்று. அரையாண்டுத் தேர்வு வந்தது. சகாயமேரி டீச்சர் கேள்வித்தாளைச் சீல் பிரித்துக் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்வதற்காகக் குடை பிடித்துக் கூடவே நடந்தார். ஸ்டீயரிங் மேல் அட்டையை வைத்து அவள் எழுதினாள். கணக்குப் பரீட்சை மூன்று மணி நேரம், டீச்சர் நடந்தது பதினான்கரைச் சுற்று. மார்க் தொண்ணூற்றொன்று.

"உக்காந்து எழுதுறவங்களே எழுபது தாண்டல," என்று டீச்சர் மற்றப் பிள்ளைகளிடம் சொன்னாராம். "அவளும் உக்காந்துதான் டீச்சர் எழுதுனா," என்று ஒரு பையன் சொல்லி வெளியே நிறுத்தப்பட்டான்.

பந்தயங்களை நிறுத்தலாமா என்று தண்டபாணி யோசித்தார், பிறகு எதற்கு நிறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் ஓடும்போது அவள் ஓரமாக ஒதுங்கி ஓடினாள். மற்ற நாட்களில் அவளோடு ஓடுவதற்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், ஏனென்றால் அவளுக்குப் பெட்ரோல் தீராது, டயர் தேயாது, ஒவ்வொரு வளைவும் அவள் உடம்புக்குள் போய்விட்டிருந்தது. தினமும் வந்தவன் ஷ்ரவண். டிசம்பர் ஒன்றாம் தேதிப் பந்தயத்தில் ஜெயித்தவன் அவன்தான், ரேஸ்கோர்ஸ் பக்கம் வீடு, மூன்று மெக்கானிக்குகள், அவனுக்கும் சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவளைத் துரத்தித் துரத்தி அவனுடைய சுற்று நேரம் நாற்பத்தொன்பது புள்ளி எட்டு விநாடியிலிருந்து நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது. அவளுடையது நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு. முன்னால் போகும்போதெல்லாம் அவள் இடது கையை ஆட்டி டாட்டா காட்டுவாள், அவன் தலைக்கவசத்துக்குள்ளே ஏதோ திட்டுவான், அது யாருக்கும் கேட்காது.

தினமும் காலையில் மெதுவாக வரும்போது என் பக்கம் திரும்பி, "ஏனுங்க அப்புச்சி, எத்தனைங்க?" என்று கேட்பாள். நான் எண்ணிக்கையைச் சொல்வேன். நான் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை.

ஜனவரி எட்டாம் தேதி, புதன்கிழமை, சென்னையிலிருந்து சென்னியப்பனுக்குப் போன் வந்தது. பெண் வருகிறாளா இல்லையா, பதின்மூன்றாம் தேதிக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். சென்னியப்பன் சொல்லிவிடுகிறேன் என்று போனை வைத்தார். மகளோடு மூன்று சுற்று நடந்தார், நான்காவது சுற்றில் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மாராத்தாள் அன்று அடுப்பு மூட்டவில்லை. இத்தனை நாளும் எல்லாரும் அவள் ஓடுவதற்குத்தான் பழகியிருந்தார்களே தவிர அவள் எங்கேயாவது போக வேண்டியவள் என்பது மறந்துபோயிருந்தது, எனக்கும் மறந்துபோயிருந்தது, ஏனென்றால் எண்ணுவது அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாள் காலை அவள் என் முன்னால் வந்தபோது எத்தனை என்று கேட்கவில்லை. தலைக்கவசத்தை மடியில் வைத்திருந்தாள்.

"அப்புச்சி, எல்லாஞ் சேத்து வேண்டாமுங்க. அந்தப் பந்தயத்துல மட்டும் நான் எத்தனை சுத்துங்க?"

நான் எழுந்து அவளோடு நடந்தேன். "பதினைஞ்சு," என்றேன்.

"தாள்ல எத்தனை இருக்குதுங்க?"

பொய் சொல்லத் தெரிந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். "ஏழு," என்றேன். "அதுக்கு மேல செவப்புக் கோடு."

அவள் முதலாம் வளைவைத் திரும்பினாள். பிறகு சிரித்தாள். "அவ்வளவுதானுங்களா? நான் எங்கப்பா வண்டியிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டிருந்தேன். பாவம், அந்தாளத் தெனமும் மனசுக்குள்ள திட்டிப்போட்டேன்." பிறகு சிரிப்பை நிறுத்தி, "எனக்கு மேல் எடமெல்லாம் வேண்டாமுங்க அப்புச்சி. கடைசி எடத்தக் குடுத்து எறக்கி விடுங்க. சென்னைக்குப் போகோணும்," என்றாள்.

எண்ணுகிற மேசைக்குத் திரும்பி வந்தேன். அங்கே தண்டபாணி, ஆரோக்கியசாமி, மாராத்தாள், சர்க்கரைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எத்தனை பேர் என்று அன்று நான் எண்ணவில்லை, அதை இங்கே குறிப்பிட வேண்டும். தாளை மேசையில் விரித்துச் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்து, இது என் தப்பு, கொடிமேல் தப்பில்லை என்று சொன்னேன். ஆரோக்கியசாமி தாளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"நாச்சிமுத்து," என்றார், "நாப்பது நாளா ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருக்கேன். அதுல பாதிய உன் பேருல மாத்தச் சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் அன்று மத்தியானம் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்தார்.

தண்டபாணி பந்தயச் சங்கத்துக்குப் போன் போட, வெள்ளிக்கிழமை அதன் செயலாளர் விதிப் புத்தகத்தோடு வந்தார். இருபத்தேழை இரண்டு சுற்று பார்த்தார். வண்டி ஏன் நிற்கவில்லை என்று அவர் கேட்கவேயில்லை. கையெழுத்தான முடிவு ஒன்றைத் திரும்பத் திறப்பதற்கு என்ன வழி என்பதைத்தான் தேடினார். கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னது இது: முடிவில் பெயர் உள்ள அத்தனை பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், வாங்கிய கோப்பைகளெல்லாம் மேசைக்குத் திரும்பி வர வேண்டும், பதினாறு வண்டியும் தளத்தில் இருக்க வேண்டும், அந்த நிலையில் பந்தயம் முடியாததாகக் கருதி முடித்து வைக்கலாம். பதினாறில் ஒருவன் குறைந்தாலும் முடியாது.

பதினான்கு பிள்ளைகள் போனிலேயே சரி என்றார்கள். அவர்களில் ஓசூருக்குக் குடிபோன ஒரு பையன் பஸ்ஸில் வருகிறேன், வண்டி மட்டும் யாராவது கொடுங்கள் என்றான். ஷ்ரவணின் அப்பாதான் தயங்கினார். அவர் கெட்டவர் இல்லை. பந்தயம் முடியவில்லை என்றால் இப்போது முதலில் ஓடுவது யார், பதிமூவாயிரம் சுற்றுச் சொச்சம் ஓடியவள்தானே, அப்படியானால் என் பையனுடைய கோப்பை என்ன ஆவது என்று கேட்டார். பதிமூவாயிரத்து அறுநூற்று நான்கு என்று நான் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. செயலாளரும் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது என்றார்.

அப்பாக்கள் பேசிக்கொண்டே இருக்க, ஷ்ரவண் தன் வண்டியை எடுத்துக்கொண்டு தளத்தில் இறங்கினான், அவளுக்குப் பக்கத்தில் நடக்கிற வேகத்தில் ஓட்டினான். மறுபக்கம் வசந்தாமணி நடந்துகொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"கணக்குப்படி நீதான் ஃபர்ஸ்ட்டாமா," என்று அவன் கேட்டிருக்கிறான்.

"எனக்கு எதுக்கு அது? நீயே வெச்சுக்க. எனக்குப் பதினாறாவது போதும்."

"பதினாறாவதா வர்றதுக்கு நாப்பது நாள் ஓட்டுனவ ஊர்லயே நீ ஒருத்திதான்."

"நாப்பது நாளும் என்ற பின்னாலயே வந்தவனும் நீ ஒருத்தன்தான்."

அவன் வண்டியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் ஒட்டி ஓட்டினான். "நீ சென்னைக்கு வராட்டி எனக்கு ஈசிதான்," என்றான்.

"தெரியும். வரட்டுமா, வேண்டாமா?"

"வந்து தொலை," என்று சொல்லிவிட்டு அவன் மேசைக்கு வந்து, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். காரிலிருந்து கோப்பையை எடுத்து வரச் சொல்லி ஒரு மெக்கானிக்கை அனுப்பினான். அது காரிலேயே இருந்தது; வீட்டுக்குள்ளே கொண்டுபோகவே இல்லையாம். பழைய வரிசை அப்படியே, அவளுக்குப் பதினாறாவது இடம் என்று செயலாளர் எழுதிக்கொள்ள, அவன் அப்பாவும் ஒப்புக்கொண்டார்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று கோப்பைகள் மேசையில் இருந்தன, பதினைந்து வண்டிகள் தளத்தில் இருந்தன, பதினாறாவது எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே நின்ற கூட்டம் அறுநூற்று எழுபது, மறுநாள் போகி என்பதால் வெளியூர் ஆட்களும் வந்திருந்தார்கள். டிசம்பர் ஒன்றாம் தேதி எந்த வரிசையில் முடித்தார்களோ அதே வரிசையில் பதினைந்து பேரும் ஒரு சுற்று ஓடி வந்தார்கள், கடைசியாக அவள், யாரையும் முந்தாமல். ஒவ்வொரு வண்டியும் கோட்டைத் தாண்டும்போது நான் எண்ணையும் சுற்றையும் வாய் விட்டுச் சொன்னேன், ஆரோக்கியசாமி ஒவ்வொருவருக்கும் கொடியை ஆட்டினார். பதினைந்தாவது தாண்டியது. அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்க்கவில்லை. பதினொன்றாம் வளைவைப் பார்த்தேன். அவள் அதைத் திரும்பி நேராக வந்தாள், முழு வேகத்தில் வந்தாள்.

"இருபத்தேழு," என்றேன். "பதினைஞ்சு சுத்து."

ஆரோக்கியசாமி இரண்டு கையாலும் கொடியை ஆட்டினார். வண்டி கோட்டைத் தாண்டியது, அவள் பிரேக்கை மிதித்தாள், இன்ஜின் ஒரு முறை இருமியது, கோட்டுக்கு அப்பால் முப்பத்தொரு அடியில் வண்டி நின்றது.

அறுநூற்று எழுபது பேரும் சத்தம் போடவில்லை. நாற்பத்திரண்டு நாளாகக் காதில் இருந்த ஓசை நின்றுபோனதில் எல்லாருக்கும் காது அடைத்தது போலாகிவிட்டது. கோழி கூவுவது கேட்டது, மாராத்தாளின் எண்ணெய் கொதிப்பது கேட்டது. நிரஞ்சனா எழுந்து நின்றாள், தரை நகருகிறது என்றாள், வசந்தாமணி பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள், அவ்வளவுதான், நிற்பதைப் பார்க்கவே அத்தனை பேரும் கம்பி வேலியோடு நெருக்கியடித்தார்கள். நான் சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை, அதற்குப் பக்கத்தில் பதினைந்து என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். கோப்பைகள் மூன்றும் வந்த வழியே திரும்பிப் போயின. பதினாறாம் இடத்துக்குக் கோப்பை கிடையாது என்பதால் மாராத்தாள் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி கொடுத்தார்.

பதினெட்டாம் தேதி சென்னையில் என்ன நடந்தது என்பதை சென்னியப்பன் போனில் சொல்ல, பஜ்ஜிக்கடையில் எல்லாரும் ஸ்பீக்கரில் கேட்டோம். ஃபார்முலா காரில் கியர் உண்டு, கார்ட்டில் கியர் கிடையாது. முதல் தடவை கிளப்பும்போது அவள் கார் நின்றுவிட்டதாம், இரண்டாம் தடவையும் நின்றுவிட்டதாம். ஆள் எடுக்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்தபோது அவள் காருக்குள்ளே உட்கார்ந்து சிரித்தாளாம், எவ்வளவு சுலபமாக நிற்கிறது என்று. மூன்றாவது தடவை கிளம்பிப் போனாள். பன்னிரண்டு சுற்று. ஆறு இடத்தில் இரண்டாவது ஷ்ரவண். ஐந்தாவது நிரஞ்சனா.

"அஞ்சாவதுங்க," என்று சென்னியப்பன் மறுபடி சொன்னார், பிறகு மறுபடியும் சொன்னார். பிறகு போனை யாரிடமோ கொடுத்தார். டீச்சர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து, மார்ச்சில் பரீட்சை இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்தச் சொன்னார்.

அவளுடைய பழைய வண்டி தளத்துக் கொட்டகையில் நின்றது, இனி அவளுக்கு அது வேண்டாம். பொங்கல் முடிந்த வாரத்தில் ஆரோக்கியசாமி அதைத் துடைக்கப் போனவர், துடைத்த பிறகு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். டேங்கில் சொட்டுப் பெட்ரோல் கிடையாது. வண்டி தானாகக் கிளம்பியது, தளத்துக்கு வந்தது, பதினொரு வளைவையும் சுற்றியது, கோட்டுக்கு வந்து நின்றது. இறங்கி வந்து என்னிடம், ஒரு சுற்று, என்று மட்டும் சொன்னார். நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் ஓடிய மொத்தச் சுற்று பதினாலாயிரத்து முந்நூற்று எழுபத்தேழு. பந்தயத்தில் ஏறியது பதினைந்து. பதினாலாயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு சுற்று யார் பெயரிலும் ஏறாமல் அந்த வண்டியிலேயே இருந்தது. அவளிடம் கேட்டதற்கு, எனக்கு இங்கே நிறையக் கிடைக்கிறது, அதை ஊரில் இருக்கிறவர்கள் ஓட்டிக்கொள்ளட்டும் என்றாள்.

அதிலிருந்து மாராத்தாள் நான்கு சுற்று எடுத்துக்கொண்டார், முதல் சுற்றில் கண்ணைத் திறக்கவே இல்லை என்பதால் கணக்கில் மூன்று. சகாயமேரி டீச்சர் தான் நடந்ததற்குச் சமமாகப் பதினான்கரை கேட்டார், அரைச் சுற்றில் வண்டி நிற்காது என்பதால் பதினான்கு. டிசம்பர் ஒன்றாம் தேதி வேலிக்கு வெளியே நின்ற முப்பத்தொரு பேருக்கும் ஆளுக்கு இரண்டு. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்பத்தாறு பேருக்கும் ஆளுக்கு ஐந்து. ஒருவர் தன் ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடைய இரண்டும் முடிந்துவிட்டது, இது ஆட்டுடைய சுற்று என்று வாதாடினார், ஒன்று எழுதிக்கொண்டேன். ஆரோக்கியசாமி போன முதல் சுற்றையும் சேர்த்து, ஆக ஐந்நூற்றுப் பதினொன்று.

இன்று சாயங்காலம் வசந்தாமணி தனியாக வந்தார். மகளைச் சென்னை விடுதியில் விட்டுவிட்டு நேற்றுதான் திரும்பியிருந்தார். ஒன்றும் கேட்காமல் வண்டியில் உட்கார்ந்தார், சேலையைச் சுருட்டிக் காலுக்கு அடியில் செருகினார், தலைக்கவசத்தை நான் மாட்டிவிட்டேன். வேகமாகப் போக எதை மிதிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். வலது காலுக்குக் கீழே என்றேன். போனார். நேர்ப்பாதையில் போன சத்தத்தைக் கேட்டு மாராத்தாள் கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். ஐம்பத்தெட்டு விநாடியில் வசந்தாமணி கோட்டுக்கு வந்து நின்றார், இறங்காமல் உட்கார்ந்திருந்தார், தலைக்கவசத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"நாப்பத்திரண்டு நாள் கூடவே நடந்தேனுங்க," என்றார். "இது இப்படி இருக்கும்னு அந்தப் புள்ள ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

நான் நோட்டில் ஒன்று குறித்தேன்.

"மிச்சம் எத்தனைங்க இருக்குது?"

"பதிமூவாயிரத்து எண்ணூத்தம்பது," என்றேன்.

"அதுல ஒண்ணக் கொறைச்சுக்குங்க," என்று கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடியும் போனார்.

மீதி 13,849.